இடது கை போதும்

"இடது கைக்கே பண்ணிடுங்க டாக்டரம்மா" என்றார் பக்கிரி.

டாக்டர் வைதேகிக்கு எரிச்சல் வந்தது. வந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர். இரண்டு கையும் நடுங்க ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரைக்கு நடுக்கம் மசியவில்லை.

மூளைக்குள் தலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, கை அசைவுக்கான செய்திகள் அந்த வழியாகத்தான் போகும், அங்கே ஒரு புள்ளி தாளம் தப்பித் துடிப்பதால்தான் இந்த நடுக்கம் என்று வைதேகி விளக்கியிருந்தாள். மெல்லிய கம்பியை இறக்கி அந்தப் புள்ளியைச் சுட்டுவிட்டால் கை அடங்கிவிடும். ஆனால் ஒரு கைக்குத்தான் செய்யலாம். இரண்டு பக்கமும் சுட்டால் பேச்சு குழறிப்போகும் ஆபத்து உண்டு.

யாராக இருந்தாலும் வலது கையைத்தான் கேட்பார்கள்.

கூட வந்த சிநேகிதர் லாரன்ஸ் புலம்பித் தீர்த்தார். சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டுகிறதாம். குடிகாரன் என்று பேசுகிறார்களாம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தே பல நாளாச்சாம்.

"சுத்த வீம்பு டாக்டர். யார் சொன்னாலும் கேக்க மாட்டான்."

வைதேகிக்கும் அப்படித்தான் பட்டது. காரணம் கேட்டால், பக்கிரி தரையைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியில் அவர் இஷ்டப்படியே ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து கொடுக்காமல், விழித்திருக்கும்போதே செய்வது. இடது கையை நீட்டச் சொன்னாள். விரல்கள் படபடவென்று ஆடின. அந்தப் புள்ளியில் சூடு பட்டதும், காற்று நின்ற இலை மாதிரி கை அப்படியே அடங்கியது.

பக்கிரி தன் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று வைதேகி எதேச்சையாக வாசலுக்கு வந்தாள். அழைத்துப்போக ஆட்டோவில் வந்திருந்தாள் பக்கிரியின் மனைவி தேசம்மா.

அவள் இறங்குவதைப் பார்த்து வைதேகி நின்றுவிட்டாள். பக்கவாதம். இடது கை செயலற்றுத் தொங்க, இடது காலை இழுத்து இழுத்து வைத்தாள். அவளுடைய வலப்பக்கம் போய் நின்ற பக்கிரி இடது கையை நீட்டினார். தேசம்மா தன்னிடம் மிச்சமிருந்த வலது கையால் அதைப் பற்றிக்கொண்டாள். மறுபக்கம் அவரது வலது கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"கை ஆடலியே" என்றாள் தேசம்மா, அதிசயமாக.

"ஆடாது. நீ தெகிரியமா நட."

டாக்டர் பார்த்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் கவனித்தார். மனைவி காதில் விழாதபடி தணிந்த குரலில் சொன்னார்.

"போன மாசம் என் கை ஆடி, இவ வுழுந்துட்டா டாக்டரம்மா."