தீப்பெட்டிக்குள் ஒரு பொறிவண்டு

"வாங்க பூச்சி பேகம்! இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

வேளாண்மை அலுவலகத்துப் பியூன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். ரூஹி அவனைத் தாண்டி உள்ளே நடந்தாள். குளிருக்குப் போட்டிருந்த ஃபெரன் அங்கிக்குள் ஒரு கையில் கணப்புச் சட்டி, மறு கையில் தீப்பெட்டி. சூடு பட்டுவிடாமல் தீப்பெட்டியைத் தள்ளியே பிடித்திருந்தாள்.

காஷ்மீரின் பாம்போரில் பூ எடுப்பு தொடங்கிவிட்டது. வீடு முழுக்கக் குங்குமப்பூக் குவியல். சிவப்பு நாரைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து ஓடி வந்திருக்கிறாள்.

இரண்டு வருஷமாக இப்படித்தான். முதலில் குங்குமப்பூச் செடியின் கிழங்கைத் தின்னும் வெள்ளைப் புழுவைக் கொண்டுவந்தாள். அடுத்தது இலைப்பேன். வெள்ளைக் காகிதத்தின் மேல் பூவைத் தட்டினால் நூல் துணுக்குபோல அவை ஊர்வதைக் காட்டியவன் அதிகாரி இஷ்ஃபாக்தான். பிறகு இலையில் பிசுபிசுவென்று அப்பியிருந்த அசுவினி. அதன் நடுவே சிவப்பாக, கறுப்புப் புள்ளிகளோடு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இந்தப் பொறிவண்டை மட்டும் கொன்னுடாதீங்க. அசுவினியைத் தின்னுற நம்ம ஆளு இது," என்றான்.

நம்ம! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தையே ஓட்டினாள். அதற்கு மேல் அந்த மனுஷன் வாயைத் திறக்க வேண்டுமே. எல்லாப் பூச்சியையும் அடையாளம் கண்டுபிடிப்பான், எதிரில் ஏங்கி நிற்பவளைத் தவிர.

வருகிற வெள்ளிக்கிழமை சோபோரிலிருந்து அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். அப்பாவுக்குச் சம்மதம்தான். ஊருக்கே தெரிந்த சேதி; அதை இஷ்ஃபாக்கிடம் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

வயலில் பிடித்துவர எதுவும் இல்லை, குளிர் வந்துவிட்டது. ஜன்னல் இடுக்கில் ஒதுங்கியிருந்த ஒன்றுதான் கிடைத்தது.

இஷ்ஃபாக் தீப்பெட்டியைத் திறந்தான்.

பொறிவண்டு அவன் கட்டைவிரலில் ஏறியது.

ரூஹிக்கு முகம் சுட்டது. சிரிக்கப்போகிறான். பியூன் காதில் விழுந்தால் ஊரே சிரிக்கும்.

அவன் சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"ரொம்ப மோசமான பூச்சிங்க இது," என்றான், பியூனுக்குக் கேட்கும்படி. பிறகு குரலைத் தாழ்த்தினான். "வயலைப் பார்த்தா போதாது. எங்க அம்மாவையும் கூட்டிட்டு வீட்டுக்கே வந்து உங்க அப்பாவைப் பார்க்கணும்."

"எப்போ சார்?"

வண்டை மெதுவாகப் பெட்டிக்குள் விட்டு மூடினான்.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி."