தோற்கப்போகும் வழக்கு

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் முடிவு வந்த அன்று காலையிலேயே பெனிட்டா வீட்டு வாசலில் சேர்மத்துரை வந்து நின்றான். முடிவோடு, அவள் வக்கீலாகித் தோற்கப்போகும் வழக்குகளின் பட்டியலும் வந்திருந்தது. பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கும் நகல் போய்விடும்.

“பதினோரு வருஷங் கழிச்சு நீதான் என் வக்கீலாம். ஆயுள் தண்டனை வாங்கித் தரப்போற. மரியாதையா சீட்டு வேண்டாம்னு எழுதிக் குடு” என்று இரைந்தான்.

ஏற்கெனவே மூன்று பேர் இப்படித் திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அலுத்துப்போய், எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பெனிட்டா போனை எடுத்தாள்.

“என்ன கேஸு அண்ணாச்சி?”

“அது எதுக்கு உனக்கு? நீ தோக்கப்போற, அவ்வளவுதான்.”

பட்டியலில் அவன் பெயரைத் தேடினாள். கொலை வழக்கு. இறந்தவர்: மனைவி முத்துக்கனி.

அவன் பின்னால் ஒரு பெண் பையைச் சுமந்துகொண்டு நின்றாள்.

“அக்கா, உங்க பேரு?”

“முத்துக்கனி.”

அவன் திரும்பி முறைத்தான். பெனிட்டா கிரில் கேட்டை அவள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தாள்.

“நீங்க உள்ள வாங்கக்கா.” கேட்டைப் பூட்டிவிட்டு, அவன் பார்க்கவே போனில் சேர்க்கைக்குச் சம்மதம் கொடுத்தாள். “நான் படிக்கத்தான் போறேன் அண்ணாச்சி. இவங்க மேல கைவச்சா, உங்க கேஸத் தோக்க ஆள் வேணும்ல.”