சுட்டுவிரலைப் பிடித்த துகள்கள்

தையல்காரியின் கல்லீரலில் கட்டி. கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்களில் மருந்தைப் பூசி அவள் ரத்தத்தில் ஏற்றினார்கள். வலது விலாவின்மேல் காந்தத்தை வைத்தால் துகள்கள் கட்டியைத் தேடிப் போய்விடும். டாக்டருக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

ஸ்கேனில் கல்லீரல் வெறுமையாக இருந்தது. அத்தனை துகள்களும் அவளுடைய இடது சுட்டுவிரலைச் சுற்றி இறுக்கமாக மொய்த்திருந்தன. காந்தத்தை எப்படி நகர்த்தினாலும் பிடித்த பிடியை விடவில்லை.

"இப்படி நான் பார்த்ததே இல்லம்மா," என்றார் ஸ்கேன் எடுப்பவர். "அடுத்த தடவையும் இப்படியே போனா, வைத்தியத்தையே நிறுத்திடுவாங்க."

தையல்காரி ஆச்சரியப்படவில்லை. போன மழையில் வெள்ளம் கொண்டுபோன அவளுடைய மகள், தெருவைக் கடக்கும்போதெல்லாம் அந்த விரலைத்தான் பிடித்துக்கொள்வாள்.

"இன்னொரு தடவை ஏத்துங்க. நான் சொல்லிக்கிறேன்."

"யாருகிட்ட?"

அவள் விரலை உதட்டருகே கொண்டுபோனாள். "வீட்டுல தம்பி கைக்குழந்தைடி. அம்மா பொழைச்சே ஆகணும். இதை விட்டுட்டு உள்ள போய்ப் பிடிச்சுக்கோ, கண்ணு."

அடுத்த ஸ்கேனில் விரலில் ஒன்றுமில்லை. கல்லீரல் கட்டியை ஐந்து மெல்லிய கோடுகள் வளைத்துப் பிடித்திருந்தன.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்தவள், தெருவைக் கடக்கக் காலெடுத்து வைத்தாள். வலது விலாவுக்குள்ளிருந்து அவளை யாரோ பின்னால் இழுத்தார்கள். அவள் அப்படியே நின்றாள். ஹாரன்கூட அடிக்காமல் ஒரு லாரி அவள் புடவையை உரசிக்கொண்டு போனது.