பின் வரிசை

பழைய உளவுப் படம். எதிரி நாட்டு உளவாளியைச் சுட வந்த கதாநாயகி, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள்.

தியேட்டரின் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். பக்கத்தில் இருந்தவன் கைக்குட்டையை நீட்டினான்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"வேலைன்னா வேலைதான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க மாட்டேன்" என்றவன், அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. முன் வரிசையில் இரண்டு இருக்கைகள் காலி.

"ஐயையோ, உங்க மாப்பிள்ளை எங்கே?" என்றான்.

"உங்க பொண்ணையும் காணோமே!"

நிச்சயமான பெண்ணை வேவு பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வைத்த டிடெக்டிவ் அவன். மாப்பிள்ளையை வேவு பார்க்கப் பெண் வீட்டார் வைத்த டிடெக்டிவ் அவள்.

"வீட்ல கேட்டா என்ன சொல்றது?"

"தங்கமான பிள்ளைங்க, கடைசி வரைக்கும் கையைக்கூடத் தொடலைன்னு சொல்லிடுவோம்" என்றான், பிடித்த கையை விடாமலே.