கூர்முனை

கால்வேயில் மழை விடவில்லை. மாலக்கியின் முதலாண்டு நினைவுப் பூசை முடிந்து, கோயில் கூடத்தில் எல்லோரும் தேநீரோடு நிற்கிறார்கள். அவன் அக்கா டிம்ப்னா, அவன் மனைவி அட்ராக்டாவின் இடது கையையே பார்க்கிறாள். அதில் கிளாடா மோதிரம்: இரண்டு கைகள் ஏந்திய பச்சைக்கல் இதயம், தலையில் கிரீடம். இதயத்தின் கூர்முனை மணிக்கட்டைப் பார்க்கிறது: மனம் ஒருவனுக்குச் சொந்தம். ஊருக்கே தெரிந்த கணக்கு. "எங்கம்மா மோதிரம். தம்பியே போயாச்சு, உனக்கெதுக்கு? கழட்டு." அட்ராக்டா மோதிரத்தைத் திருகுகிறாள். விரல் மூட்டில் மாட்டிக்கொள்கிறது. ரொட்டித் தட்டிலிருந்து வெண்ணெயை வழித்துத் தடவுகிறாள். கூடத்தில் கரண்டிச் சத்தம் அடங்குகிறது. மோதிரம் வழுக்கி வருகிறது. அது இருந்த இடத்தில் வெளுத்த தடம். டிம்ப்னா உள்ளங்கையை நீட்டுகிறாள். அட்ராக்டா மோதிரத்தைத் துடைத்து, தன் வலது கையில் போட்டுக்கொள்கிறாள். கூர்முனை இப்போது விரல்நுனியைப் பார்க்கிறது: மனம் யாருக்கும் சொந்தமில்லை. "அத்தை அவங்க கையாலயே எனக்குப் போட்டது, அண்ணி." டிம்ப்னாவின் முகம் சிவக்கிறது. "குழி ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள உனக்கு..." அட்ராக்டா அதே கையால் தேநீர்க் கெண்டியைத் தூக்கி, நாத்தனாரின் கோப்பையை நிதானமாக நிரப்புகிறாள். "இந்த ஊர் மழையில அது என்னைக்குக் காயும், அண்ணி?"