பத்தாவது சொல்

புகாரா நகர யூதர்களின் ஜெப ஆலயத்தில் ஆட்களை எண் சொல்லி எண்ணுவதில்லை. பத்துச் சொல் கொண்ட வேதவரி ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். வரி முடிந்தால் பத்து ஆண்கள் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். அப்போதுதான் இறந்தவருக்கான ஜெபத்தைச் சொல்லலாம்.

அன்று பின்ஹாஸின் மனைவி பூலோருக்கு முதலாண்டு நினைவு நாள். இருந்தவரை, அவர் தொடங்கிய பேச்சையெல்லாம் அவள்தான் முடித்துவைப்பாள்.

காலையில் வந்திருந்தவர்கள் வரியைச் சொன்னார்கள். ஒன்பதாம் சொல்லைப் பின்ஹாஸ் சொன்னார். அடுத்துச் சொல்ல ஆளில்லை.

"என்றென்றும்" என்றது ஒரு குரல், பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து. அங்கே யாரும் வந்திருக்கவில்லை.

"பொம்பளக் குரலு கணக்குல சேராதே" என்று முணுமுணுத்தார் நிசோன்.

"அத நீயே போயி அவகிட்டச் சொல்லு, பாப்போம்" என்றார் ஜெபம் நடத்தும் ஹைம். "பின்ஹாஸ் அண்ணே, நீங்க ஆரம்பிங்க."

பின்ஹாஸ் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி 'ஆமென்' மட்டும் பாக்கி இருக்கும்போது நிறுத்திக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பேச வாயெடுத்தவள் மூச்சை இழுப்பதுபோல, திரை மெல்ல அந்தப் பக்கமாக உள்வாங்கியது.