பறக்க வராதவர்கள்

“இத்தனை பேர் இருக்கற கிளப்புல, போட்டிக்கு மூணே பேரா?”

பிரியதர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வத்தல்மலை உச்சியில் பாராசூட் மாதிரி விரிகிற பாராகிளைடரைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். காற்று தூக்குகிற வரை மேலேறி, மேற்கே பறக்க வேண்டும். யார் அதிக தூரம் போய் இறங்குகிறாரோ, அவருக்குக் கோப்பை.

தர்மபுரியில் பல் டாக்டரான அவள் கிளப்பில் சேர்ந்து எட்டு மாசம்தான். அவளே பேர் கொடுத்துவிட்டாள்; அவளைத் தவிரத் தமிழ்ச்செல்வனும் பச்சியப்பனும் மட்டும்தான். ஞாயிறு தவறாமல் பறக்கிற பழைய ஆட்களோ, போட்டி என்றதும் ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள்.

முனிராஜுக்கு முட்டி வலியாம். ஹுமேரா வீட்டுக்கு விருந்தாளிகளாம்.

கிளப்பிலேயே கெட்டிக்காரர் தீர்த்தகிரி. அவருக்கு மச்சினன் வீட்டில் கிடா வெட்டாம்!

நேராக அவரிடமே போய்விட்டாள்.

“அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. நேத்து வந்த பொண்ணுகிட்ட தோத்துட்டா மானம் போயிடும்னு பயம்தானே?”

தீர்த்தகிரி கோபித்துக்கொள்ளவில்லை.

“அப்படியே வெச்சுக்கம்மா. நீ நல்லாப் பற. பஸ் ரோட்டையே பாத்துக்கிட்டுப் பறக்காத” என்று சிரித்தார்.

‘நழுவுறதைப் பாரு! பயந்தாங்கொள்ளிங்க’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினாள்.

போட்டியன்று காற்று அவள் பக்கம் இருந்தது. வட்டமடித்து வட்டமடித்து ஏறினாள். தர்மபுரி டவுன் காலுக்கடியில் நழுவியது. மாந்தோப்புகள், ஏரிகள், ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பென்னாகரம் தாண்டியதும் “ஹோ!” என்று கத்தினாள்.

ஏரியூர்ப் பக்கம் காற்று குறைந்தது. ரோட்டோரமாகவே இறங்கிவிட்டால் பஸ் பிடித்துவிடலாம். இன்னும் கொஞ்சம் போனால் மேடும் பள்ளமுமாகக் காடு.

பஸ் ரோட்டைப் பற்றித் தீர்த்தகிரி சொன்னது ஞாபகம் வந்தது. ‘எனக்கா பயம்?’ என்று வீம்போடு காட்டுப் பக்கமே திருப்பினாள்.

ராகி அறுத்த கொல்லையில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். வாழ்க்கையில் இவ்வளவு தூரம் பறந்ததில்லை!

சிரிப்பு அடங்கியதும்தான் சுற்றிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. போனில் சிக்னல் இல்லை. பாராகிளைடரை மடித்துப் பையில் திணித்தால் அரிசி மூட்டை கனம். இதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பது?

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓர் ஆம்னி வேன் வந்து நின்றது. மோர் கேனோடு இறங்கியவர் தீர்த்தகிரி.

“அண்ணா! கிடா வெட்டுன்னு சொன்னீங்க?”

“கிடா தப்பிச்சு ஓடிருச்சு. கை காலெல்லாம் நல்லா இருக்குதா? மொதல்ல மோரைக் குடி.”

“நான் இங்க இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?”

“மலையடிவாரத்துல இருந்து உன் பின்னாலயேதான் வர்றேன். அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்தே புடிச்சுக்கிச்சு. ஆளில்லாத எடத்துல எறங்கி, கால் பெசகிக் கெடந்தா யாருக்குத் தெரியும்? மேல ஒருத்தர் பறந்தா, கீழ ஒரு வண்டி ஓடணும்மா.”

பிரியதர்ஷினிக்குப் புரிய ஆரம்பித்தது.

“அப்போ முனிராஜ் அண்ணன் முட்டி?”

“முட்டிக்கு என்ன கேடு? இண்டூர்கிட்ட எறங்கின தமிழ்ச்செல்வனை ஏத்திக்கிட்டுப் போய்ட்டான். பச்சியப்பன் பின்னால ஹுமேரா போயிருக்குது. மத்தவங்க ரோட்டுக்கொருத்தரா நிக்கறாங்க. உன்கூடப் பறந்த ரெண்டு பேரும் உனக்கு முன்னாடியே எறங்கிட்டாங்க. கோப்பை உனக்குத்தான், போ!”

மோர் கேனைக் கீழே வைத்தாள்.

“சாரிண்ணா. என்னென்னமோ பேசிட்டேன். ஆனா இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு எல்லாரும் இவ்வளவு பொய்?”

பையைத் தூக்கி வேனில் போட்டபடி தீர்த்தகிரி சொன்னார்:

“போன வருஷம், கீழ வண்டி ஓட்டவும் ஆள் வேணும்னு உண்மையைத்தான் சொன்னோம். ‘நீங்க பறங்க, நான் வண்டி ஓட்டறேன்’னு ஒருத்தர் விடாம எல்லாரும் வண்டி எடுத்துக்கிட்டு வந்துட்டாங்கம்மா. பறக்கத்தான் ஒரு ஆளும் இல்ல!”